ரெமிங்டன் 700-ஐ பிளாஸ்டிக் ஸ்டாக்கில் அசையாமல் உட்கார வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். 2010-இல் வாங்கிய ரெமிங்டன் 700 எஸ்பிஎஸ் ரைஃபிள், .308 தோட்டா, கம்பெனியில் இருந்து வந்த கறுப்பு பிளாஸ்டிக் ஸ்டாக் (உலோகப் பகுதியைத் தாங்கும் கட்டை). 100 யார்டில் ஐந்து குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழுகின்றன, ஆனால் மூன்று ஓரிடத்திலும் இரண்டு வேறிடத்திலும் போய் விழுகின்றன. எபாக்சி என்ற இருபொருள் பசையைப் போட்டு பெட் செய்தால் (உலோகப் பகுதிக்கு ஸ்டாக்கில் அச்சான படுக்கை செய்தால்) சரியாகுமா, வீட்டிலேயே செய்யலாமா, பிளாஸ்டிக்கில் எபாக்சி ஒட்டுமா என்று மூன்று கேள்விகள்.

சரியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்டிக்கில் ஒட்டாது, ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் பெடிங் எதற்கு என்பது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பேரலும் (குழல்) ரிசீவரும் (குழலுக்குப் பின்னால் தோட்டா ஏறும் கூடு) சேர்ந்த உலோகப் பகுதியை ஸ்டாக்கோடு பிடித்து வைத்திருப்பவை இரண்டே திருகுகள். ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்த உலோகம் பின்னால் உதைக்கிறது, அதிர்கிறது, பிறகு ஓய்கிறது. அடுத்த குண்டுக்கு அது முன்பு இருந்த அதே இடத்தில், அதே அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். 700-இன் ரிசீவர் அடிப்பக்கம் உருண்டையானது, சுமார் 1.35 அங்குல விட்டமுள்ள குழாய் மாதிரி. உருண்டை அடியுள்ள பானையை வெறும் தரையில் வைத்தால் உருளும் என்பதால்தான் நம் வீடுகளில் பிரிமணை வைத்தார்கள். ரிசீவருக்குச் செய்யும் பிரிமணைதான் பெடிங். ஒரு வித்தியாசம்: இந்தப் பிரிமணை அந்த ஒரு பானையின் மீதே அச்செடுத்துச் செய்யப்படுவது. வேறு 700-ஐக் கொண்டுவந்து வைத்தால்கூட அவ்வளவு சரியாகப் பொருந்தாது.

ஆட்டத்தை நிறுத்துவது மட்டும்தான் வேலை என்றால் திருகை இன்னும் முடுக்கினால் போதும். அங்கேதான் பலர் தவறுகிறார்கள். மேடுபள்ளமான தரையில் இரும்பு பெஞ்சைப் போட்டு நான்கு காலையும் போல்ட் வைத்து இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும், ஆனால் பெஞ்ச் முறுக்கிக்கொள்ளும். ரிசீவரும் அப்படித்தான் வளைகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆயிரத்தில் சில பங்கு அங்குலம்தான். அப்படி வளைந்து நிற்கும் உலோகம் ஒவ்வொரு உதைப்பிலும் அந்த வளைவிலிருந்து நழுவப் பார்க்கும். சில குண்டுகளுக்கு ஓரிடத்திலும் சில குண்டுகளுக்கு வேறிடத்திலும் போய் நிற்கும். உங்கள் தாளில் தெரியும் இரட்டைக் கூட்டம் பெரும்பாலும் இதனால் வருவது. நல்ல பெடிங்கில் ரிசீவர் எந்த வளைவும் இல்லாமல் உட்காரும். திருகு அதை அங்கே தக்கவைக்கும், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு பாத்திரம் ரீகாயில் லக். 700-இல் பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவே வாஷர் மாதிரி செருகிய தனித் தகடு அது. கீழே நாக்கு போல நீண்டு ஸ்டாக்கில் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கும். உதைப்பு முழுவதும் அந்த நாக்கின் பின்முகம் வழியாகத்தான் ஸ்டாக்குக்குப் போகிறது. உங்கள் ஸ்டாக்கில் அந்தப் பள்ளத்தின் பின்சுவர் வெறும் பிளாஸ்டிக். லக் அதில் முழுதாகப் பதியாமல் ஒரு மூலையில் மட்டும் முட்டிக்கொண்டிருந்தால், சுடச் சுட அந்த மூலை நசுங்கும்.

'சிந்தெடிக் ஸ்டாக்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு ஜாதிகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணாடி இழைத் துணியை அச்சில் அடுக்கி எபாக்சி ஊறவைத்துச் செய்வது. மெக்மில்லன் ஸ்டாக்குகள் இந்த வகை. அமெரிக்க மரைன் படையின் எம்40 ரைஃபிள் 1966-இல் மர ஸ்டாக்கோடு வியட்நாமுக்குப் போனது. அங்குள்ள ஈரத்தில் மரம் ஊதி, வளைந்து, பேரலில் முட்டியது. 1970களில் எம்40ஏ1 வந்தபோது மரத்தை விட்டுவிட்டு மெக்மில்லனின் கண்ணாடி இழை ஸ்டாக்குக்கு மாறினார்கள். அடியில் ரெமிங்டன் 700 ரிசீவர்தான், உங்களுடையதன் உறவுக்காரன். 1988-இல் தரைப்படை எடுத்துக்கொண்ட எம்24 ரைஃபிளில் எச்-எஸ் பிரிசிஷன் ஸ்டாக், உள்ளே ரிசீவர் உட்கார அலுமினியக் கட்டை. இரண்டாவது ஜாதி, உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தி எடுப்பது. உங்கள் எஸ்பிஎஸ் ஸ்டாக் இது. ஈரத்தில் ஊதாது, விலை குறைவு, அடித்தாலும் உடையாது. ஆனால் முன்பகுதி உள்ளே குடைந்து, குறுக்குத் தடுப்புகள் மட்டும் வைத்த கூடு. கையால் பிடித்து அழுத்தினாலே வளையும். அதனால் மர ஸ்டாக்குக்கோ மெக்மில்லனுக்கோ எழுதிய செய்முறையை அப்படியே எடுத்து உங்கள் ஸ்டாக்கில் செய்தால் பாதிதான் பலன் கிடைக்கும்.

எபாக்சி வாங்கும் முன் ஒரு சாயங்காலத்தை சோதனைக்குக் கொடுங்கள். ஸ்கோப் மவுண்டின் திருகுகள், வளையத்தின் திருகுகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா பாருங்கள். 700-இல் மவுண்டின் மிக முன்னால் இருக்கும் திருகு நீளம் கூடுதலாக இருந்தால் பேரலின் மரையில் போய் முட்டி நின்றுவிடும். மேலே இறுகிய மாதிரி தெரியும், மவுண்ட் உண்மையில் பிடித்திருக்காது. இரண்டு அங்குலக் குரூப்புக்கு (குண்டுகள் விழும் கூட்டத்துக்கு) இதுவே காரணமாக இருந்த ரைஃபிள்களை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அப்புறம் வேறு இரண்டு வகைத் தோட்டாக்களையும் சுட்டுப் பாருங்கள். மூன்று குண்டுக் குரூப்பை நம்பாதீர்கள். ஐந்து ஐந்தாக நான்கு முறையாவது சுட்டால்தான் படம் தெளியும்.

அதன்பின் ஒரு ரூபாய்த் தாளையோ டாலர் தாளையோ பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு இழுங்கள். ரெமிங்டன் இந்த வகை ஸ்டாக்குகளில் முன்நுனிக்கு அருகே வேண்டுமென்றே இரண்டு சிறு மேடுகளை வைத்துப் பேரலைத் தாங்க விட்டிருக்கும். தாள் அங்கே நின்றுவிடும். சில மெல்லிய பேரல்களுக்கு அந்தத் தாங்கல் பிடிக்கும். ஆனால் வளையும் ஸ்டாக்கில் நீங்கள் மணல்மூட்டையில் வைக்கும் விதம் மாறினாலே அந்த அழுத்தமும் மாறும். நான் அதை நீக்கிவிடுவேன்.

முக்கியமான சோதனை இனிமேல்தான். மிகச் சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். ரைஃபிளைத் தலைநிமிர்த்தி நிற்க வைத்து, இண்டிகேட்டரின் பிடியைப் பேரலில் கட்டி, அதன் முள்முனையை ஸ்டாக்கின் முன்நுனியில் தொட வையுங்கள். இரண்டு திருகும் இறுகியிருக்கட்டும். முள்ளைச் சுழியில் வைத்து முன்திருகை மெல்லத் தளர்த்துங்கள். பின் அதை இறுக்கி, பின்திருகைத் தளர்த்துங்கள். முள் 0.002 அங்குலத்துக்குள் நின்றால் உங்கள் ரிசீவர் வளையாமல்தான் உட்கார்ந்திருக்கிறது, கோளாறு வேறெங்கோ. 0.005-ஐத் தாண்டி ஓடினால் பெடிங் வேண்டும். கம்பெனி பிளாஸ்டிக் ஸ்டாக்கில் 0.010-க்கு மேல் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் இதே சோதனைதான் உங்களுக்கு மதிப்பெண் போடும்.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் ரைஃபிள் 2010-இல் வாங்கியது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை தயாரான 700, மாடல் செவன் ரைஃபிள்களில் இருந்த எக்ஸ்-மார்க் புரோ டிரிகரை ரெமிங்டன் 2014 ஏப்ரலில் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. டிரிகரைப் பொருத்தும்போது போட்ட பசை கூடுதலாகி, சில சூழ்நிலைகளில் தானாகவே வெடிக்கலாம் என்பதுதான் காரணம். உங்கள் டிரிகர் சரிசெய்யப்பட்டதா, மாற்றப்பட்டதா என்று தெரியாவிட்டால் பெடிங்கை ஒத்திவைத்துவிட்டு முதலில் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி அதை முடியுங்கள். பெடிங்கின்போது டிரிகரை முழுதாகக் கழற்றி வைக்கச் சொல்வதற்கும் இதே காரணம்தான். ஒரு துளி எபாக்சியோ மெழுகோ அந்தக் கூட்டுக்குள் போகக்கூடாது. கழற்றத் தயக்கமாக இருந்தால் அந்த ஒரு படிக்கு மட்டும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். துப்பாக்கி காலி என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, ரிசீவருக்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டை உருவி வேறு அறையில் வையுங்கள். தோட்டா எதுவும் மேசைக்குப் பக்கத்திலேயே வேண்டாம்.

பொருள் எது? நான் பெரும்பாலும் டெவ்கான் பிளாஸ்டிக் ஸ்டீல் புட்டி எடுப்பேன். எஃகுத் தூள் கலந்தது, காயும்போது சுருங்குவது மிகக் குறைவு, நசுங்காது. படகு ஓட்டையை அடைக்க வந்த மரைன்-டெக்ஸும் நல்ல பொருள்தான், பல மெக்கானிக்குகளுக்கு அதுதான் பிடிக்கும். பிரௌனெல்ஸின் அக்ராகிளாஸ் ஜெல் ஒன்றுக்கு ஒன்று கலப்பது, வழியாது, முதல்முறை செய்பவருக்கு எளிது. ஜெபி வெல்டில் செய்து திருப்தியாக இருப்பவர்களும் உண்டு. ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி எதையும் எடுக்காதீர்கள். ரிசீவரைச் சரியாக வைப்பதற்குள் அது கல்லாகிவிடும். ஊரில் தண்ணீர்க் குழாய்க்கு எம்-சீல் பிசைந்து பழகியவர்களுக்கு 'கண்ணளவு போதும்' என்று தோன்றும். போதாது. டெவ்கானில் எடையில் ஒன்பதுக்கு ஒன்று, கொள்ளளவில் இரண்டரைக்கு ஒன்று என்று வேறு வேறு விகிதம் வரும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து எடுங்கள். விகிதம் தப்பினால் ஒரு மாதம் ஆனாலும் ரப்பர் மாதிரியே கிடக்கும்.

இப்போது ஸ்டாக். எபாக்சி உங்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டாது என்று சொன்னேன். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் மேல்தோல் வழுவழுப்பானது, அந்த வகை பிளாஸ்டிக்கின் குணமே எதையும் ஒட்டவிடாதது. எபாக்சி அதன் மீது காய்ந்து ஒருநாள் பப்படம் போலப் பெயர்ந்து வரும். அதனால் ஒட்டுதலை நம்பாமல் பூட்டுதலை நம்ப வேண்டும். ரிசீவரின் முன்வளையம் உட்காரும் இடத்திலும், பின்திருகைச் சுற்றிய இடத்திலும் மினுமினுப்பான தோல் முழுவதையும் டிரெமல் (சுழலும் சிறு அரைப்புக் கருவி) வைத்துக் கரடுமுரடாக்குங்கள். பிறகு 1/8 அங்குல டிரில்லால் சாய்வாக, ஒவ்வொன்றும் வேறு வேறு திசையில், பத்துப் பன்னிரண்டு துளைகள். துளைக்குள் இறங்கும் எபாக்சி வேர்விட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். சாய்வு வேறு வேறாக இருப்பதால் மேலே இழுத்தால் எல்லாம் ஒரே சமயத்தில் உருவி வர முடியாது. லக் பள்ளத்துக்கு முன்னாலும் பக்கத்திலும் இருக்கும் வெற்றுக் கூடுகளையும் எபாக்சியால் நிரப்புங்கள். அவை வெறுமையாக இருந்தால் லக்கின் பின்சுவர் ஒரு மெல்லிய தடுப்பாகவே நிற்கும். அரைக்கும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூளில் கண்ணாடி இழை இருக்கலாம்.

அடுத்து பில்லர். திருகு போகும் துளையைச் சுற்றி அலுமினியம் அல்லது எஃகுக் குழல் ஒன்றை வைப்பதுதான் பில்லர். உங்கள் ஸ்டாக்கில் இது இல்லை. திருகை முடுக்கும்போது ரிசீவருக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் நசுங்குகிறது. இன்று நசுங்கும், வெயிலில் காரில் கிடந்தால் இன்னும் நசுங்கும், திருகின் பிடி தளரும். பில்லர் வைத்துவிட்டால் உலோகத்தின் மேல் உலோகம் உட்காரும். பிளாஸ்டிக் வெறும் கைப்பிடியாக மட்டும் இருக்கும். வளையும் ஸ்டாக்கில் பெடிங்கைவிடப் பில்லர்தான் அதிகம் உதவுகிறது என்பது என் கணிப்பு. இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் பில்லரைச் செய்யுங்கள்.

700-க்கென்றே மேல்முகம் ரிசீவரின் வளைவுக்கு ஏற்பக் குடைந்த பில்லர்கள் கிடைக்கின்றன. இரண்டையும் முதல் நாள் வையுங்கள், பெடிங்கை இரண்டாம் நாள். ஒரே நாளில் இரண்டும் என்று போனால் கை நான்கு வேண்டும். பில்லர் வைக்கும் நாளில் துளையைப் பெரிதாக்கி, பில்லரின் வெளிப்பக்கத்தைக் கரடாக்கி, எபாக்சி பூசி, ரிசீவரின் அடியிலேயே திருகில் மாட்டித் தொங்கவிட்டு இறக்குங்கள். அப்போதுதான் பில்லரின் முகம் ரிசீவரோடு ஒட்டி நிற்கும். உயரம் மட்டும் கவனம். ரிசீவர் பழைய உயரத்தைவிடத் தாழ்ந்துபோனால் மேகசின் பெட்டி மேலே முட்டும், டிரிகர் கீழ்த்தகட்டில் உரசும். எபாக்சி போடும் முன்பே எல்லாவற்றையும் உலர்வாக மாட்டிப் பாருங்கள்.

இரண்டாம் நாள். இந்த நாளில் மன்னிக்க முடியாத தவறு ஒன்றே ஒன்றுதான்: ரிசீவர் ஸ்டாக்கோடு நிரந்தரமாக மாட்டிக்கொள்வது. என் இரண்டாவது ரைஃபிளில் எனக்கு அது நடந்தது. ரிசீவரின் பக்கத்தில் இருந்த ஒரு சிறு துளையைக் களிமண்ணால் அடைக்க மறந்தேன். எபாக்சி அதற்குள் போய் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. மூன்று நாள் போராடி, ஸ்டாக்கை அறுத்துத்தான் எடுத்தேன். அதனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எபாக்சி எங்கேயெல்லாம் புகுந்து, வளைந்து, கொக்கி போடக்கூடும் என்று ரிசீவரை விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பாருங்கள். டிரிகர் ஊசித் துளைகள், போல்ட் ரிலீஸ் பள்ளம், மேகசின் வாய், திருகு மரைகள் எல்லாவற்றையும் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்து, பிளேடால் மட்டமாக வழித்துவிடுங்கள். ரீகாயில் லக்கின் முன்முகம், இரு பக்கங்கள், அடி நான்கிலும் டேப் ஒட்டுங்கள். பின்முகத்தில் ஒட்டக்கூடாது. பின்முகம் மட்டும்தான் பெடிங்கைத் தொட வேண்டும். மற்ற பக்கங்களில் டேப்பின் கனம் அளவுக்கு இடைவெளி கிடைத்தால்தான் பின்னால் ரிசீவரை நேராக மேலே தூக்கி எடுக்க முடியும், லக்கும் எங்கும் இடித்துக்கொள்ளாது. ஸ்டாக்கின் நுனிக்கு நேராகப் பேரலில் டேப்பைச் சில சுற்று சுற்றுங்கள். பேரல் ஸ்டாக்கில் தனக்குள்ள கால்வாயின் நடுவில் நிற்க அது உதவும்.

ஒட்டாமல் இருக்க மெழுகு. அதற்கென்று விற்கும் திரவங்கள் இருக்கின்றன, ஆனால் நிறமில்லாத கிவி ஷூ பாலிஷ் எனக்கு ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை. ரிசீவர், பேரலின் பின்பகுதி, லக், திருகுகள், களிமண்ணின் மேல்கூடப் பூசுங்கள். காயவிட்டு மெல்லத் துடைத்து இன்னொரு முறை, மீண்டும் ஒரு முறை. எபாக்சி வழிந்து தொடக்கூடும் என்று நினைக்கும் இடத்துக்கு அப்பால் இரண்டு அங்குலம் வரை பூசுங்கள். ஸ்டாக்கின் வெளிப்பக்கத்தில் மெழுகு போதாது, மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். எபாக்சி போகும் இடத்தில் மட்டும் ஒரு துளி மெழுகும் படக்கூடாது. அங்கே ஆல்கஹால் வைத்துத் துடைத்து சுத்தமாக்குங்கள்.

கலந்த எபாக்சியை முதலில் சாய்வுத் துளைகளுக்குள் குச்சியால் குத்தி இறக்குங்கள். பிறகு லக் பள்ளத்தின் பின்மூலையில் அடியிலிருந்து மேலாக நிரப்புங்கள், அப்போதுதான் காற்று அடைபடாது. ரிசீவரின் அடியிலும் மெல்லிய பூச்சாகத் தடவிவிட்டால் குமிழி இன்னும் குறையும். அப்புறம் ரிசீவரைத் தலையில்லாத இரண்டு வழிகாட்டித் திருகுகளின் உதவியோடு நேராக இறக்கி, மெதுவாக அழுத்துங்கள். ஓரங்களில் எபாக்சி பிதுங்கி வருவதைப் பார்த்தால் போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம்.

இனி இறுக்கக்கூடாது. முழு விசையில் திருகை முடுக்கி எபாக்சியைக் காயவிட்டால் அந்த வளைவோடேயே அச்செடுத்தது போல ஆகும், செய்த வேலை எல்லாம் வீண். ரிசீவர் பில்லர்களின் மேல் உட்கார்ந்ததும் விரல் நுனியால் திருகைத் தொட்டு வைத்தாற்போல விடுங்கள். அல்லது ரப்பர் குழாயை ரிசீவரையும் ஸ்டாக்கையும் சேர்த்துச் சில சுற்று சுற்றிவிடுங்கள். பேரலின் எடையால் முன்பக்கம் சாயாமல் ரைஃபிளைச் சமமாக வையுங்கள். பிதுங்கியதை வெள்ளை வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடலாம், காயும் முன் நன்றாகப் போகும்.

டெக்சாஸ் என்பதால் ஒரு வார்த்தை. ஆகஸ்ட் மாதத்துக் கராஜில் இதைச் செய்யாதீர்கள். 24 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் வேலை செய்யவிடும் டெவ்கான், பத்து டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதி நேரத்தில் இறுக ஆரம்பிக்கும். ஏசி போட்ட அறையில் செய்து, அங்கேயே 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். மிச்சம் கலந்த எபாக்சியைக் கிண்ணத்திலேயே வையுங்கள். ரிசீவரைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், கிண்ணத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள்.

கழற்றும்போது முதலில் திருகுகள். அவை இறுகியிருந்தால் சால்டரிங் இரும்பால் திருகின் தலையைக் கொஞ்ச நேரம் சுட வையுங்கள், சூட்டில் எபாக்சி இளகிவிடும். ரிசீவர் அசையவில்லை என்றால் பதறாதீர்கள். மொத்தத்தையும் இரண்டு மணி நேரம் பெரிய ஃப்ரீசரில் வைத்தால் எஃகு சற்றே சுருங்கி, பல சமயம் ஒரு சின்ன 'டக்' சத்தத்தோடு விட்டுக்கொடுக்கும். பேரலை நெம்பி எடுக்கக் கூடாது. முன்னும் பின்னும் மாறி மாறி நேராக மேலே இழுங்கள்.

உள்ளே பார்த்தால் ரிசீவரில் பொறித்த கோடுகள்கூட அச்சாக விழுந்திருக்கும். ஒரு நல்ல வேலையில் அதைப் பார்க்கும் சந்தோஷம் தனி. அங்கங்கே மிளகு அளவுக்குக் குமிழிப் பள்ளங்கள் இருந்தால் பரவாயில்லை. லக்கின் பின்முகத்தில் பெரிய பள்ளம் இருந்தால் மட்டும் கொஞ்சம் எபாக்சி கலந்து மறுபடி நிரப்புங்கள்.

பாதிப் பேர் இதற்கு அடுத்த கட்டத்தில் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள். லக் பள்ளத்தின் அடியில் ஒரு துணுக்கு எபாக்சி கிடந்தாலும் லக் அதன்மேல் நின்று ரிசீவரைத் தூக்கிவிடும். தூசு தட்டி, ஊதி, விளக்கு அடித்துப் பாருங்கள். திருகுத் துளைகளைப் பெரிதாக்குங்கள். 700-இன் திருகு 1/4 அங்குலம், துளை 5/16 இருக்கட்டும். திருகின் உடல் எதையும் தொடக்கூடாது. தொட்டால் அதுவே ஒரு இரண்டாவது ரீகாயில் லக் ஆகிவிடும். மேகசின் பெட்டி திருகை இறுக்கியபின்னும் மேலும் கீழும் கொஞ்சம் ஆட வேண்டும். அது நடுவே சிக்கி இறுகினால் ரிசீவரின் வயிற்றில் முட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நான் பார்த்த 'பெட் செய்தும் சரியாகவில்லை' என்ற ரைஃபிள்களில் பாதிக்கு இந்தப் பெட்டிதான் காரணம்.

பேரலின் முதல் ஒரு அங்குலத்துக்கு அடியிலும் பெட் செய்யலாமா என்பதில் இரு கட்சிகள் உண்டு. கனத்த பேரலுக்குச் சிலர் தாங்கல் கொடுக்கிறார்கள். உங்கள் மெல்லிய பேரலுக்கு வேண்டாம். லக்கிலிருந்து முன்னால் முழுவதும் காற்று ஓடட்டும். தாள் தடையில்லாமல் லக் வரை வர வேண்டும். முன்நுனி மேடுகளைத் தேய்த்து எடுத்துவிட்டு, குடைந்த கூட்டுக்குள் நீளவாக்கில் இரண்டு கார்பன் அம்புத் தண்டுகளை வைத்து எபாக்சியில் புதைத்துவிடுங்கள். பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) வைத்துச் சுடுபவர் என்றால் இது அவசியம். இல்லாவிட்டால் நீங்கள் சாய்ந்து அழுத்தும்போது ஸ்டாக்கின் மூக்கு மேலே வந்து பேரலைத் தொடும், அப்போது பெடிங் இருந்தும் பயனில்லை.

பில்லர் வைத்தபின் திருகை 65 இஞ்ச்-பவுண்டுக்கு இறுக்கலாம், நியூட்டன் மீட்டரில் சுமார் 7.3. பில்லர் இல்லாத பிளாஸ்டிக்கில் இவ்வளவு போடக்கூடாது, 40 பக்கம் நிறுத்திக்கொள்ள வேண்டும். இறுக்கும்போது ரைஃபிளின் பின்கட்டையைத் தரையில் நிறுத்தி, லக் பின்சுவரில் போய் உட்காரும்படி ஒரு தட்டு தட்டிவிட்டு, முன்திருகை முதலிலும் பின்திருகை அடுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். இஞ்ச்-பவுண்டு காட்டும் ஸ்க்ரூடிரைவர் ஒன்று வாங்கிவிடுங்கள். கைக்கணக்கு ஒவ்வொரு நாளும் மாறும்.

உங்களிடம் வேறு ரைஃபிள்களும் இருக்கலாம் என்பதால் ஒரு எச்சரிக்கை. இந்தச் செய்முறை 700-க்கு. சாவேஜ் 110-இல் ரிசீவரின் பின்வால் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும், அங்கே எபாக்சி வைத்தால் கெடுதல். ரூகர் எம்77-இல் முன்திருகு சாய்வாகப் போகும், அதற்கு இறக்கும் முறையே வேறு. டிக்கா டி3-இல் லக் ரிசீவரில் இல்லை, ஸ்டாக்கில் இருக்கிறது. உள்ளே அலுமினியக் கட்டை உள்ள பெல் அண்ட் கார்ல்சன், எச்-எஸ் பிரிசிஷன் ஸ்டாக்குகளுக்கு முதலில் டயல் சோதனை. முள் அசையாவிட்டால் தொடவே வேண்டாம்.

புது நல்ல ஸ்டாக் வாங்குவதா, இதையே பெட் செய்வதா என்றும் யோசிப்பீர்கள். பணம் இருந்தால் அலுமினியக் கட்டை உள்ள ஸ்டாக் மேலானது, அதை ஒளிக்க மாட்டேன். ஆனாலும் முதலில் இந்தக் கறுப்பு ஸ்டாக்கில் செய்யுங்கள் என்பேன். கெட்டுப்போனாலும் இழப்பு குறைவு, கை பழகும், நாளைக்கு நல்ல ஸ்டாக் வாங்கினால் அதில் மெல்லிய ஒரு பூச்சு பெடிங்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் மாட்டியதும் அதே டயல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். 0.010 ஓடிய முள் 0.001, 0.002-க்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சுடப் போகாதீர்கள். லக்கின் அடி, மேகசின் பெட்டி, திருகுத் துளை, இந்த மூன்றையும் மறுபடி பாருங்கள். முள் நின்றதும் டிரிகர், சேஃப்டி இரண்டும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று காலித் துப்பாக்கியில் பலமுறை சோதித்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். இருபது குண்டு சுட்டதும் திருகின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். இரண்டு அங்குலம் ஒன்றரையாகக் குறையலாம், ஒரு அங்குலமாகவும் குறையலாம். அது பேரலையும் தோட்டாவையும் பொறுத்தது, எபாக்சியால் அதற்கு உறுதி தர முடியாது. ஆனால் மூன்று ஓரிடம், இரண்டு வேறிடம் என்பது மறைந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு ரிசீவரை ஸ்டாக்கிலிருந்து முழுதாகக் கழற்றி, துடைத்து, மறுபடி 65-க்கு இறுக்கி, அதே தாளில் ஐந்து குண்டு சுடுங்கள். பழைய ஐந்தின் மேலேயே புதிய ஐந்தும் விழுந்தால், உங்கள் ரைஃபிள் தன் இடத்தைக் கண்டுகொண்டுவிட்டது.